கோழிப் பாத்திரத்தில் காய்ச்சிய பால்

நெய்வேலியில் எங்கள் ப்ளாக்கில் அம்சவல்லி அக்கா வீட்டு மீன்சட்டிக்கு இருக்கிற கட்டுப்பாடு மைன்ஸுக்குள் போகிற லாரிக்குக்கூடக் கிடையாது. லாரியையாவது கேட்டில் பாஸ் பார்த்து உள்ளே விட்டுவிடுவார்கள். அக்காவின் மீன்சட்டி என்ன பாஸ் காட்டினாலும் அடுப்படிக்குள் வர முடியாது. பின்பக்கம் கொய்யா மரத்தடியில் அதற்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி, தேய்க்கத் தனி நார். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, அப்புறம் புரட்டாசி முழுக்க அதற்கு விடுமுறை. என் வீட்டுக்காரர் ஜியாவுதீனும் அக்கா வீட்டுக்காரர் செங்குட்டுவன் அண்ணனும் ஒரே ஷிஃப்ட். “ஏங்க, எங்கூட்ல பர்மனெண்டா லீவு எடுக்கறது அந்தச் சட்டி ஒண்ணுதாங்க” என்று அண்ணன் இவரிடம் சொல்வாராம், அக்கா காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

நான் இர்ஃபானா. அக்கா குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு வீடு தள்ளி எங்கள் குவார்ட்டர்ஸ். சாயங்காலம் ப்ளாக் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ட்யூஷன் எடுக்கிறேன். என் மகள் சைமா பிறந்து நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, தினம் பூண்டுக்குழம்பு வைத்துத் தூக்கில் கொண்டுவந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தவர் அக்காதான். பொங்கலன்று முதல் தூக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆனால் அக்கா என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. டீ போட எழுந்தாலே, “இப்பத்தாம்மா குடிச்சிட்டு வந்தேன், வயிறு திம்முனு இருக்குது” என்பார். பேச்சு நீளும் என்று முன்கூட்டியே தெரிந்த நாட்களில் தன் எவர்சில்வர் டம்ளரில் காப்பியை எடுத்துக்கொண்டே வந்து என் சோபாவில் உட்கார்ந்து குடிப்பார்.

ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன்.

“உன்னச் சொல்லலம்மா, பாத்திரத்தச் சொல்றேன்” என்றார். “உன் வூட்ல எல்லாப் பாத்திரத்துலயும் கவிச்சி பட்டிருக்கும் இல்ல?”

பாத்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் அதற்கு வாயா இருக்கிறது பதில் சொல்ல? நானும் சிரித்து வைத்தேன். வலித்தது. ஆனால் பூண்டுக்குழம்பு ஞாபகம் வந்து அதை மூடிவிடும்.

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வீடு ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. அதற்குத்தான் லூனா வந்தாள். இஸ்தான்புல்காரி, யூதப் பெண். கன்வேயர் பெல்ட்டில் எங்கே கிழியும், ஏன் கிழியும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஆறு மாத காண்ட்ராக்ட்டில் அனுப்பியிருந்தது. செவ்வாய்க்கிழமை சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினாள், மறுநாள் குடிவருவதாக ஏற்பாடு. நான் உதவிக்குப் போனேன்.

பாத்திரங்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் இரண்டிரண்டு. இரண்டு சட்டி, இரண்டு கத்தி, இரண்டு கரண்டிக் கட்டு. ஒரு பாதிக்குச் சிவப்பு இன்சுலேஷன் டேப், மறுபாதிக்கு நீல டேப். மைன்ஸில் ஒயருக்குச் சுற்றுகிற அதே டேப். சிவப்பு இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு என்றாள். இரண்டும் ஒரு பாத்திரத்தில் சேரக் கூடாது, ஒரே சாப்பாட்டில்கூடச் சேரக் கூடாது என்பது அவர்கள் வேதச் சட்டம். மீன், முட்டை, காய், பழம், பால் சேர்க்காத டீ எல்லாம் எந்தக் கட்சியிலும் சேராத சுயேச்சை. உலோகம் சூட்டில் சாப்பாட்டின் ருசியைக் குடித்துக்கொள்ளும், சும்மா கழுவினால் போகாது. கண்ணாடி எதையும் குடிக்காது, அதனால் கண்ணாடிக்கு அவள் வீட்டு வழக்கத்தில் தொந்தரவே இல்லை. வாங்கின புதுப் பாத்திரத்தைக்கூடக் கடலிலோ ஆற்றிலோ முக்கி எடுத்தபிறகுதான் உபயோகிப்பார்களாம். இவற்றைச் சென்னையில் இறங்கியதுமே கடலில் முக்கியிருக்கிறாள்.

வேலை முடிந்து என் வீட்டுக்கு வந்தாள். என் கெட்டிலில் வெந்நீர் தவிர வேறு எதுவும் கொதித்ததில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கண்ணாடி க்ளாஸில் கறுப்பு டீ குடித்தாள். அவள் ஊரிலும் இப்படித்தானாம்.

இதையெல்லாம் வேலிப்பக்கம் நின்று அம்சவல்லி அக்காவிடம் சொன்னேன். அக்கா முகம் பிரகாசமாகிவிட்டது.

“மண்சட்டின்னா?” என்று சோதித்தார்.

“மண்சட்டியில ஒரு தடவை பட்டா பட்டதுதானாம்க்கா. கழுவியும் ஆகாதாம், கொதிக்க வச்சும் ஆகாதாம்.”

“அதத்தான் நான் கண்ணாலம் ஆன நாளா கத்திகினு கெடக்கறேன்! எவ கேட்டா இந்த ப்ளாக்குல?” என்றார். ‘எவ’ என்றது என்னையும் சேர்த்துத்தான்.

புதன்கிழமை காலை லூனா முதல் ஷிஃப்ட்டுக்கே மைன்ஸ் போய்விட்டாள். கேஸ் சிலிண்டர்காரர் வந்தால் திறந்துவிடச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள். சிலிண்டர் வந்த நேரம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். அக்கா என் மேசைமேலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்திருக்கிறார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு அங்கே போனபோது ஊதுவத்தி மணந்தது. வாசல்படியில் மஞ்சள், குங்குமம். அடுப்பில் பால் நுரைத்துப் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. அக்கா கும்பிட்டு நின்றார்.

“பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதும்மா. பாலு காய்ச்சாம எப்படி ஒரு பொண்ணு குடிவர்றது?”

நான் அடுப்பைப் பார்த்தேன். பெரிய சட்டி. அதன் காதில் சிவப்பு டேப்.

“அக்கா! அது கறிப் பாத்திரம்!”

“எந்தக் கறி?” என்று கேட்டார் அக்கா, அசையாமல். “இன்னும் ஒரு துண்டு கறி பட்டிருக்குதா அதுல? நல்லாப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். புத்தம்புதுசு. செவப்பு வேற ஒட்டியிருக்குது, மங்களமா.”

“சேரக் கூடாதுன்னு சொன்னேனேக்கா.”

“பால் சட்டியில கறி படக் கூடாது. அது எனக்குத் தெரியாதா? பால் பட்டா ஒரு பாத்திரத்துக்கு என்ன கேடு? பாலு ஊத்தி சாமியவே குளிப்பாட்டறோம்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தப்பு எங்கே நடந்தது என்று பார்த்தால், நடந்தது அக்காவின் ஆச்சாரத்தில். அக்கா கணக்கில் தீட்டு ஒருவழிப் பாதை. கறியிலிருந்து பாலுக்குப் போகும், பாலிலிருந்து கறிக்கு வராது.

“அவங்களுக்குக் கறி தீட்டு இல்லக்கா. பாலும் உசத்தி இல்ல. ரெண்டும் நல்லதுதான். சேரக் கூடாது, அவ்வளவுதான்.”

“தீட்டே இல்லன்னா அப்புறம் எதுக்குப் பிரிச்சி வக்கிறது?” என்று கேட்டார் அக்கா. உண்மையாகவே குழம்பிப்போய்த்தான் கேட்டார்.

ஷிஃப்ட் முடிந்து லூனா வந்தாள். காதோரமெல்லாம் நிலக்கரித் தூசி. வாசல் மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்துச் சிரித்தாள், பால் வாசனைக்கு மூக்கை விரித்தாள், பிறகு அடுப்பின் மேலிருந்த சட்டியைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஆனால் நல்ல பெண். ஒரு மூச்சு விட்டு, அக்கா கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த எவர்சில்வர் டம்ளரில் பாலை ஊற்றி, சர்க்கரை போட்டு, ஆற்றி நீட்டினார். லூனா டம்ளரைப் பார்த்தாள். அக்கா வீட்டுச் சமையலைக் குடித்த உலோகம். தலையை ஆட்டினாள். என்னிடம் மெதுவாக இங்கிலீஷில் சொன்னாள்.

“என்னவாம்? சக்கரை பத்தலியாமா?”

“குடிக்க முடியாதாம்க்கா.”

“ஏன்?”

வயிறு திம்மென்று இருக்கிறதாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் லூனா சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதானே மொழிபெயர்ப்பு.

“உங்களச் சொல்லலையாம்க்கா. பாத்திரத்தச் சொல்றாங்க.”

அக்கா டம்ளரைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாய் மின்னுகிற டம்ளர். அதற்கு ஒருவர் குறை சொல்லி அவர் காதில் விழுந்ததே கிடையாது. “என் டம்ளருக்கு என்னா?” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் அல்லாஹ் மன்னிக்கட்டும், கொஞ்சம் இருந்தது. அக்கா கண்ணைப் பார்த்ததும் போய்விட்டது.

லூனா சட்டியைக் கழுவித் துடைத்து, சிவப்பு டேப்பை உரித்துவிட்டு நீல டேப் சுற்றினாள். அது இனி பால் பாத்திரம். கெட்டது எதுவும் இல்லை என்று சிரித்தாள். ஆனால் மறுநாள் மும்பையிலிருந்து ஐஸ் பெட்டியில் கோழி வருகிறது. அவர்கள் முறைப்படி அறுத்த கோழி நெய்வேலியில் எங்கே கிடைக்கும்? அவள் இந்தியா வந்தபிறகு சாப்பிடப்போகிற முதல் இறைச்சி அது. வெள்ளி சாயங்காலம் பொழுது சாய்கிறபோது அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கும், அந்த விருந்துக்கு. கோழியை வேகவைக்க இருந்த ஒரே பெரிய சட்டிதான் கட்சி மாறிவிட்டது. இதை நான் சொன்னதும் அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். முகம் வீங்கியிருந்தது.

“கெளம்பு. பண்ருட்டி போய்ப் பாத்திரம் வாங்கியாந்துடலாம்.”

“சரிக்கா.”

“பாத்திரம் பெரிசில்ல, இர்பானா. நம்ம வாசல்ல வந்து ஒரு பொண்ணு குடியிருக்கும், ஆறு மாசம் இருந்துட்டுப் போவும், எங்கூட்ல ஒரு வாய் எதுவும் குடிக்காம போவுமா? அப்படிப் போச்சின்னா எனக்கு சோறு எறங்காதும்மா. வேற எங்க வேணா குடிக்கட்டும், எங்கூட்லயும் குடிக்கணும்.” பிறகு சந்தேகமாகக் கேட்டார். “உன் வூட்ல குடிச்சிதா?”

“குடிச்சாங்கக்கா.”

“எதுல?”

“க்ளாஸ்ல. கண்ணாடி எதையும் உறிஞ்சாதாம்.”

அக்கா வீட்டில் கண்ணாடி க்ளாஸ் கிடையாது. எச்சில் பட்டால் போகாது என்பது அவர் கட்சி. முந்தானையைச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நீங்கள் உங்கள் டம்ளரோடு என் வீட்டுக்கு வருகிறபோது எனக்கும் இப்படித்தான் இருக்கும் என்று வாய்வரை வந்தது. அடிபட்ட இடத்திலேயே அடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பண்ருட்டி பாத்திரக்கடையில் அக்கா தட்டிப் பார்க்காத சட்டி இல்லை. கடைசியில் ஒரு கனத்த சட்டியும், டீ வைக்கிற அளவில் ஒரு சின்னப் பாத்திரமும் எடுத்தார். சின்னது எதற்கு என்று கேட்டேன். “எங்கூட்டுக்கு. பாலும் படாம, கவிச்சியும் படாம, சுயேச்சையா இருக்கட்டும்” என்றார். பேர் வெட்டுகிற பையன் மெஷினை எடுத்துக்கொண்டு பெரிய சட்டியில் யார் பேர் போடுவது என்று கேட்டான்.

“கோழின்னு போடு.”

“பேருங்க அம்மா?”

“அதாண்டா பேரு. கோழி. டேப்பு உரிச்சிக்கும், வெட்டின எழுத்து உரிச்சிக்காது.”

வெள்ளிக்கிழமை லூனா லீவு போட்டிருந்தாள். மூவரும் காலை பஸ்ஸில் கடலூர் போய் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இறங்கினோம். வடலூரிலும் குறிஞ்சிப்பாடியிலும் ஏறினவர்கள் எல்லாரும் ‘கோழி’ என்று பேர் வெட்டின சட்டியை மடியில் வைத்திருந்த வெள்ளைக்காரியைத்தான் பார்த்தார்கள். லூனா பேன்ட்டை மடித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்று, அவர்கள் பாஷையில் ஏதோ முணுமுணுத்து, சட்டியை முழுசாக முக்கி எடுத்தாள். வலை காய வைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அருகில் வந்தார்.

“அஸ்திங்களா அம்மா?”

“இல்லீங்க. கோழிக்கு” என்றார் அக்கா.

பெரியவர் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வலைக்கே திரும்பிப் போய்விட்டார். அக்கா தன் சின்னப் பாத்திரத்தையும் கிழக்கே பார்த்து நின்று முக்கி எடுத்தார். உங்கள் பாத்திரத்தை நீங்கள் முக்க வேண்டியதில்லை என்று லூனா சொன்னாள், நான் தமிழில் சொன்னேன்.

“எதுக்கும் இருக்கட்டும்” என்றார் அக்கா. இன்னொரு முறை முக்கினார்.

ஊர் திரும்பியதும் லூனா கோழி வேலையைத் தொடங்க அவசரப்பட்டாள். ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் சமைக்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் அடுப்பை முடித்தாக வேண்டும். அக்கா அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு டீ, பால் கிடையாது, புதுப் பாத்திரம், கடலில் முக்கியது, வந்துதான் ஆக வேண்டும். லூனா சிரித்துக்கொண்டே எதில் குடிப்பது என்று சைகையில் கேட்டாள். அக்கா தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு நேராக என் வீட்டுக்குள் வந்தார்.

“இர்பானா, ஒரு க்ளாஸ் குடேன்.”

“பண்ருட்டிக் கடையில க்ளாஸ் விக்கலியாக்கா?”

“மறந்துட்டேன்.”

ஒரு கரண்டி இடம் மாறினாலும் தூக்கத்தில் கண்டுபிடிக்கிற மனுஷி, இவ்வளவு பெரிய விஷயத்தை மறந்துவிட்டாராம். நம்பினேனா இல்லையா என்பது இருக்கட்டும். எனக்குக் கோபம் வந்தது. யாரோ ஒருத்திக்காக என் க்ளாஸ் உன் வீட்டுக்குள் வரலாம், எனக்காக உன் கை இந்த க்ளாஸைத் தொடாதா என்று உள்ளே கொதித்தது.

“ஒண்ணு தர மாட்டேன்” என்றேன். “மூணு எடுத்துட்டுப் போங்க.”

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நானும் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து தானே மூன்றை எடுத்தார்.

அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். தட்டில் மூன்று க்ளாஸ், மூன்றிலும் கறுப்பு டீ, எல்லாம் ஒரே மாதிரி. லூனா தன் பாஷையில் சின்னதாக ஒன்று சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தாள். அக்கா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியது தெரிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லூனா இன்னும் குடித்தாள், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள். நானும் எடுத்துக் குடித்தேன்.

தட்டில் ஒன்று மிச்சமிருந்தது.

“ஆறிடும்க்கா” என்றேன்.

“இதுலதான் நீங்க எல்லாரும் குடிப்பீங்களா? தெனம்?”

“ஆமாக்கா. நோன்பு தொறக்கறதும் இதுலதான். பெருநாளைக்கு பிரியாணி சாப்பிட்டுத் தண்ணி குடிக்கறதும் இதுலதான்.”

நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. லூனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாஷை தெரியாவிட்டாலும் ஏதோ புரிந்து, குடிப்பதை நிறுத்திவிட்டாள். அக்கா க்ளாஸை எடுத்தார். அண்ணாந்து ஊற்றிக்கொள்வார் என்று நினைத்தேன். உதட்டில் வைத்துத்தான் குடித்தார்.

“சக்கரை கம்மி” என்றார். அவரே போட்ட டீ.

அன்று சாயங்காலம் நடு வீட்டிலிருந்து கோழி வாசனை எழுந்தது. எனக்கும் இவருக்கும் சைமாவுக்கும் விருந்து அங்கேதான். யூதர்களைப் போன்ற வேதக்காரர்கள் அறுத்தது எங்கள் மார்க்கப்படி எங்களுக்கும் ஆகும். அக்காவையும் லூனா கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமையாயிற்றே, அக்கா வீட்டில் கவிச்சி கிடையாது. தான் தட்டித் தட்டி வாங்கின சட்டியில் வெந்த கோழியை ஜன்னல் வழியாக மோந்து பார்த்ததோடு சரி. “நல்லாத்தான் வெந்திருக்குது” என்று அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னாராம், செங்குட்டுவன் அண்ணன் சொன்னார்.

மறுநாள் ட்யூஷன் பிள்ளைகள் வருவதற்கு முன் அக்கா வந்தார். கழுவித் துடைத்த மூன்று க்ளாஸையும் அலமாரியில் இருந்த மற்ற க்ளாஸ்களோடு வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். லூனா பற்றிப் பேசினார், சட்டி பற்றிப் பேசினார், சைமா இளைத்துவிட்டாள் என்றார். பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன், கையில் டம்ளர் இல்லை.

“ஏம்மா, வந்தவங்களுக்கு டீ கீ எதுவும் குடுக்கற பழக்கம் இல்லியா உங்கூட்ல?” என்றார், என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

“வயிறு திம்முனு இல்லியாக்கா இன்னிக்கு?”

“போடி.”

அடுப்பைப் பற்ற வைத்தேன். எப்போதும் டீ வைக்கிற பாத்திரம்தான். “பால் ஊத்தியா, ஊத்தாமலா?” என்று உள்ளிருந்து கேட்டேன்.

“ஊத்தித்தான்” என்றார் அக்கா. “நான் என்ன இஸ்தான்புல்லா?”